எட்டாம் கேள்வியின் ஒரு மதிப்பெண்

முதன்முறையாகத் தேர்வுத்தாள் கட்டைக் கையில் வாங்கப் போகிற கணித ஆசிரியர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். இருபத்தொன்பது வருடம் ஸ்கூடாய் என்ற ஊரில் ஓர் இடைநிலைப் பள்ளியில் கணிதம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பாடத்திட்டம், பதிவேடு, கணினியில் மதிப்பெண் ஏற்றுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. நான் சொல்ல வந்தது ஒரு தப்பைப் பற்றி. தப்பு என்னுடையது. அதைக் கண்டுபிடித்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மதிப்பாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கோபித்துக்கொள்வார். எங்கள் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியராக வந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து ஊரான தம்போயில் இயந்திர உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பத்து வருடம் அளவு பார்க்கும் வேலை செய்தவர். அந்தத் தொழிற்சாலை மூடியதும் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். தினமும் பெக்கான் நானாஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். மாணவர்கள் அவரை 'ஃபேக்டரி சார்' என்றார்கள். நாங்களும் அவர் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னோம். நான் கொஞ்சம் இளக்காரத்தோடே சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் அப்போது கணிதப் பாடக்குழுவுக்குத் தலைவி. தலைவி என்றால் தலைக்கனமும் சேர்ந்தே வரும். எனக்கு அது தாராளமாகவே வந்திருந்தது.

என் தலைக்கனத்துக்குக் காரணமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தசம எண்களைச் சுருக்கிக் கிட்டிய மதிப்பு எடுக்கும் பாடத்தை நான் நடத்துவது பள்ளி முழுக்கப் பிரசித்தம். இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகளை முதல் வாரமே கத்த வைப்பேன். கடைசி எண் "நாலா?" என்று நான் கேட்க வேண்டும். "விடு!" என்று வகுப்பே அலற வேண்டும். "அஞ்சா?" என்றால் "ஏத்து!" வகுப்பில் இதெல்லாம் மலாய் மொழியில் நடக்கும், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். பக்கத்து வகுப்பு ஆசிரியைகள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எனக்கு அது பெருமையாக இருக்கும். கிட்டிய மதிப்புக் கேள்வியில் என் பிள்ளைகள் ஒரு மதிப்பெண்கூட விடுவதில்லை என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், அதுவும் ஒருமுறை அல்ல.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பு நடந்தது இது. படிவம் மூன்று முடிக்கிற பிள்ளைகளில் யார் அடுத்த வருடம் அறிவியல் வகுப்புக்குப் போவது என்று முடிவு செய்ய எங்கள் பள்ளியிலேயே ஒரு தேர்வு வைத்தோம். மற்ற பாடங்களில் தேறியவர்களுக்குக் கணித மதிப்பெண்தான் இடத்தை முடிவு செய்யும். அறிவியல் வகுப்பு ஒன்றே ஒன்று. ஆய்வுக்கூடத்தில் நாற்பது பேருக்குத்தான் இடம். நாற்பத்தொன்றாவது பிள்ளை எவ்வளவு அழுதாலும் வேறு வகுப்புக்குத்தான் போக வேண்டும்.

கேள்வித்தாளைத் தயாரித்தவள் நான். விடைத்திட்டத்தை எழுதியவளும் நானே. எட்டாம் கேள்வி இது. சதுரமான ஒரு பாத்தியின் பரப்பளவு 41.56 சதுர மீட்டர். ஒரு பக்கத்தின் நீளத்தை, அ) இரண்டு தசம இடத்துக்கு, ஆ) ஒரு தசம இடத்துக்குச் சரியாகக் கண்டுபிடி. கால்குலேட்டரில் வர்க்கமூலம் எடுத்தால் 6.4467 என்று வரும். இரண்டு தசம இடத்துக்கு 6.45. ஒரு தசம இடத்துக்கு? 6.45-இல் கடைசி எண் அஞ்சு. அஞ்சா? ஏத்து! 6.5 என்று எழுதினேன். எழுதி முடித்துக் கோப்பி குடிக்கப் போனேன்.

எங்கள் பள்ளியில் திருத்தும் முறை உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஓர் ஆசிரியர் ஒரு வகுப்பின் தாள்களைத் திருத்துவதில்லை. எல்லா வகுப்புத் தாளையும் கலந்து வைத்து, ஒருவருக்கு ஒரு கேள்வி என்று பிரித்துக்கொள்வோம். தாளில் பெயர் இருக்காது, வெறும் வரிசை எண்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தலைமையாசிரியை மேசை இழுப்பறையில் இருக்கும். எனக்கு வந்தது எட்டாம் கேள்வி. கடைசியில் ஒருவர் எல்லாத் தாளையும் புரட்டிப் பார்த்து, கூட்டலைச் சரிபார்த்து, மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலையை ஃபேக்டரி சார் தலையில் கட்டியிருந்தேன். கூட்டலைச் சரிபார்க்க அளவு பார்க்கிறவரைவிட யார் பொருத்தம் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

பட்டியல் ஒட்ட வேண்டிய நாள். பகல் பன்னிரண்டு மணிக்குள் தலைமையாசிரியையிடம் கொடுத்தாக வேண்டும். காலை எட்டரைக்கு ஃபேக்டரி சார் என் மேசைக்கு வந்து நின்றார். கையில் ஒரே ஒரு தாள்.

"டீச்சர், எட்டாவது கேள்வி ஆ பகுதிய கொஞ்சம் பாருங்களேன். ஸ்கீம் தப்பு மாதிரி தெரியுது."

"என்ன தப்பு?"

"6.5 வராது டீச்சர். 6.4 தான் வரும்."

நான் பேனாவைக் கீழே வைக்கக்கூட இல்லை. "சார், கால்குலேட்டர் இருந்தா தட்டிப் பாருங்க. 6.45. கடைசியில அஞ்சு. என்ன செய்யணும்? படிவம் ஒண்ணு பிள்ளைக்கே தெரியும்."

"6.45 நாம எழுதுன நம்பர் டீச்சர். உண்மையான நம்பர் 6.4467."

"இங்க பாருங்க சார், எனக்கு இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ். நீங்க வந்து எத்தன மாசம் ஆச்சு?"

"எட்டு மாசம்" என்றார். என்னைக் குத்திக்காட்ட அல்ல, கேட்டதற்குப் பதில் சொல்லும் குரலில் சொன்னார். பிறகு, "நான் பட்டியல்ல சைன் போட முடியாது டீச்சர். சாரிலா" என்றார்.

நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டிக்கச் சொல்லிப் பரிந்துரை எழுத வேண்டியவள் நான். அந்தத் தாள் நிரப்பப்படாமல் அதே மேசையில், அவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் கிடந்தது. அவர் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். இவ்வளவும் தெரிந்துதான் அந்த மனிதர் முடியாது என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். 6.4 என்று எழுதியிருந்தது. நான் போட்ட சிவப்புத் தப்பு. மொத்தம் எழுபது. நாற்பதாவது இடம் எழுபத்தொன்றில் நின்றிருந்தது. அதாவது ஒரு மதிப்பெண்ணில் வெளியே நிற்கிற பிள்ளை.

"ஓ! ஒங்க கிளாஸ் பிள்ளையா? அதான் இவ்ளோ அக்கறையா?" என்று கேட்டுவிட்டேன். ஆசிரியர் அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் குரல் மாறவில்லை. "தாள்ல நம்பர்தான் இருக்கு டீச்சர். யார்னு எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. அஞ்சு நிமிஷம் மட்டும் வெளிய வாங்க."

போனேன். அவரைத் தோற்கடித்து அனுப்பத்தான் போனேன். பையிலிருந்து இரும்பு அளவு நாடாவை எடுத்தார். தொழிற்சாலையை விட்டாலும் அந்தப் பழக்கம் விடவில்லை போலும். முனையை என்னிடம் கொடுத்துச் சுவரோரம் பிடிக்கச் சொன்னார். தாழ்வாரத்தில் ஆறரை மீட்டர் வரை இழுத்துத் தரையில் வைத்தார். 640 சென்டிமீட்டரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு, 650-இல் ஒரு கோடு, சரியாக நடுவில் 645-இல் ஒரு கோடு. பிறகு குனிந்து, கண்ணை நாடாவுக்குப் பக்கத்தில் வைத்து, 644.67 இருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். என்னைக் கூப்பிட்டார். நான் சேலையைச் சுருட்டிக்கொண்டு குந்தினேன்.

புள்ளி நடுக்கோட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் முன்னால் இருந்தது.

"நடுக்கோட்டத் தாண்டல டீச்சர். இது எது கிட்ட இருக்கு, 640-ஆ 650-ஆ?"

640-க்குத்தான். தாண்டவில்லை. யார் பார்த்தாலும் தாண்டவில்லை. 6.4467 என்ற எண்ணை முதலில் 6.45-க்குத் தள்ளிவிட்டு, தள்ளிய இடத்திலிருந்து மறுபடியும் ஒரு தள்ளுத் தள்ளி 6.5-க்குக் கொண்டுபோனது நான். இரண்டு தள்ளும் தனித்தனியாகப் பார்த்தால் முறைப்படிதான். சேர்த்துப் பார்த்தால் தப்பு. கிட்டிய மதிப்பை ஒரே ஒரு தடவை, அசல் எண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயமா என்றால், தெரியும். கல்லூரியில் படித்திருக்கிறேன். என் கத்தலில் எனக்கே அது மறந்துபோயிருந்தது.

குந்திய நிலையிலேயே கேட்டேன். "ஒங்களுக்கு எப்படி இது ஒடனே கண்ணுல பட்டுச்சு?"

"ஃபேக்டரியில அடி வாங்கியிருக்கேன் டீச்சர். நான் அளந்து ரெண்டு தசமத்துக்கு எழுதிக் குடுத்தேன். அடுத்த ஆளு அதப் பாத்து ஒரு தசமத்துக்கு எழுதுனாரு. ஒரு பெட்டி நல்ல சாமான் எல்லாம் ரிஜெக்ட். ரெண்டு பேரும் தப்பு பண்ணல, ஆனா சாமான் குப்பைக்குப் போச்சு. அதுக்கப்புறம் நான் எப்பவும் மொத ரீடிங்கதான் பாப்பேன்."

அலமாக், ஐயோ, இருபத்தைந்து வருடச் சர்வீஸ் எங்கே போனது என்று எனக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் என்னைப் போன்றவர்களுக்கு அடுத்ததாகத் தந்திரம் வரும். வந்தது.

"சரி சார். நேரம் இல்ல. 6.4-க்கும் மார்க் குடுப்போம், 6.5-க்கும் மார்க் குடுப்போம். யாருக்கும் நஷ்டம் இல்ல. கத முடிஞ்சிரும்."

அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "குடுக்கலாம் டீச்சர். அப்புறம் தாளத் திருப்பிக் குடுப்போம். 6.5-க்கு நாம போட்ட சரியப் பாத்துட்டு, அஞ்சாம் படிவ அரசாங்கப் பரீட்சையிலயும் அதையேதான் எழுதுவாங்க. அங்க யாரு மார்க் குடுப்பா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். தப்பு செய்வது பெரிய விஷயம் இல்லை, எல்லோரும் செய்வோம். தப்பு தெரிந்த பிறகு வருகிற பத்து நிமிடம்தான் ஆபத்தானது. அப்போது நம் புத்தி முழுவதும் பிள்ளைகளை விட்டுவிட்டு நம் மானத்தைக் காப்பாற்ற ஓடும். எல்லோருக்கும் நல்லது போலத் தோன்றுகிற ஒரு வழியைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். எனக்குக் கொடுத்தது. அந்த மனிதர் பக்கத்தில் இல்லாவிட்டால் அதில் நான் போயிருப்பேன், போனது வெளியே யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். மலாய்ப் பெண்மணி, அதிகம் பேசாதவர். நான் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "யாங் பெத்துல், பெத்துல்லா" என்றார். சரியானது எதுவோ அதுதான் சரி என்று பொருள். கடிகாரத்தைப் பார்த்து, "பன்னிரண்டு மணி" என்று மட்டும் சேர்த்துச் சொன்னார்.

நானும் ஃபேக்டரி சாரும் எல்லாக் கட்டையும் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் எட்டாம் கேள்விப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். நான் பார்த்துச் சொல்வேன். அவர் மொத்தத்தை மாற்றிக் குறிப்பார். 6.4 எழுதியவர்கள் மிகச் சிலர்தான். மீதிக் கூட்டம் முழுக்க 6.5. ஒவ்வொரு 6.5-ஐப் பார்க்கும்போதும் எனக்கு என் குரலே கேட்டது. அஞ்சா? ஏத்து!

முதலில் அவர் கொண்டுவந்த அந்த எழுபது மதிப்பெண் தாளை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது. ஒரு முனையில் 6.4, மறு முனையில் 6.5, நடுவில் ஒரு குறுக்குக்கோடு, அதற்கு ஒரு மயிரிழை முன்னால் ஒரு புள்ளி. தாழ்வாரத்தில் அவர் தரையில் போட்டதும் இதேதான். திருத்தும்போது இந்தக் கோட்டை நான் பார்த்திருக்கிறேன். நேர்த்தியாகப் போட்டிருக்கிறது என்றுகூட நினைத்தேன். நினைத்துக்கொண்டே தப்புப் போட்டேன்.

பதினொன்றேகாலுக்கு முடிந்தது. பல பேருடைய இடம் மேலே கீழே ஆகியிருந்தாலும், நாற்பது என்ற எல்லையைத் தாண்டியவர்கள் இரண்டே பேர். எழுபதில் இருந்த அந்தத் தாள் எழுபத்தொன்று ஆகி உள்ளே வந்தது. எழுபத்தொன்றில் நாற்பதாவதாக இருந்த ஒரு தாள் எழுபதாகி வெளியே போனது. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே, இரண்டும் ஒரே கேள்வியால்.

தலைமையாசிரியை இழுப்பறையைத் திறந்து பெயர்ப் பட்டியலைக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து பார்த்தோம்.

உள்ளே வந்தவன் தினேஷ். என் வகுப்புப் பையன். கடைசி வரிசை, வாயைத் திறக்க மாட்டான். அவனை நான் மந்தம் என்று நினைத்து வைத்திருந்தேன். வெளியே போனவள் துர்கா. ஃபேக்டரி சாரின் வகுப்பு.

ஒங்க கிளாஸ் பிள்ளையா என்று நாலு பேர் முன்னால் கேட்டேனே, அந்த வார்த்தை திரும்பி வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தது. அவர் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் துர்காவின் பெயரில் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு மருந்தகத்தில் வேலை பார்க்கிற அளவுக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. அப்பா சிங்கப்பூருக்குப் பேருந்து ஓட்டுகிறார். அவள் அறிவியல் வகுப்புக்குப் போக வேண்டும் என்று இவர் பள்ளி முடிந்த பிறகும் அவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"என் புள்ள டீச்சர்" என்றார். அவ்வளவுதான். பேனாவை எடுத்துப் புதிய பட்டியலில் கையெழுத்துப் போட்டார். காலையில் மாட்டேன் என்ற கையெழுத்து. அதைப் போடும்போது அவர் கை கொஞ்சமும் தயங்கவில்லை. நானாக இருந்தால் தயங்கியிருப்பேன். ஒரு தாளையாவது திரும்பப் புரட்டிப் பார்த்திருப்பேன், எங்கேயாவது ஒரு மதிப்பெண் ஒளிந்திருக்கிறதா என்று. உங்களில் யாராவது எனக்குத் தெரிந்த நேர்மையான ஆள் யார் என்று கேட்டால் அந்தக் கையைத்தான் சொல்வேன்.

அவர் தொழிற்சாலையில் கற்றதை நாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். முதல் எண்ணைப் பார், ஒரே தடவை கிட்டிய மதிப்பு எடு, இடையில் எடுத்ததிலிருந்து மறுபடி எடுக்காதே, கணக்கின் நடுவில் எண்ணை வெட்டாதே. இதைப் பலகையில் எழுதிவிடலாம். தன் பிள்ளையின் இடத்தைத் தானே எடுத்து வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கிற அந்தத் தைரியத்தை எந்தப் பலகையில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் போய்ச் சொல்லிர்றேன். நோட்டீஸ் போர்டுல பாத்துத் தெரிஞ்சிக்க வேணாம் பாவம்" என்றார்.

"நானும் வரேன் சார். தப்பு என்னது."

போகும் வழியில் காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றார். அதை வாய்ச் சொல்லாக மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அவருடைய பரிந்துரைத் தாளை அன்றைக்கே நிரப்பினேன். அவர் ஒப்பந்தம் நீண்டது, பிறகு நிரந்தரமும் ஆனார்.

துர்காவை நூலகத்துக்குக் கூப்பிட்டோம். ஃபேக்டரி சார் அவள் தாளை மேசையில் வைத்து, தசம எண்களை ஒரு கோட்டில் எழுதிப் பொறுமையாக விளக்கினார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அறிவியல் வகுப்பு இல்லை என்று சொன்னதும் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள்.

"6.45 சரிதான சார்?"

"அது சரிம்மா. அதுக்கு மார்க் இருக்கு. அதுலேருந்து மறுபடி எடுத்தோம் பாரு, அதான் தப்பு."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமோ குற்றச்சாட்டோ எதுவும் இல்லாத முகம். "டீச்சர் படிவம் ஒண்ணுல அப்படித்தான சொல்லிக் குடுத்தீங்க. அஞ்சுன்னா ஏத்துன்னு. அதான் யோசிக்காம எழுதிட்டேன்."

"நானும் இந்த வருஷம் அத ஒனக்குத் திருத்தலையேம்மா" என்று ஃபேக்டரி சார் உடனே சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கு அந்தக் காப்பாற்றல் வேண்டியிருக்கவில்லை.

"ஆமாம்மா, நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன்" என்றேன். இருபத்தைந்து வருடத்தில் ஒரு மாணவியிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு எல்லா வகுப்பிலும் போய்ச் சொன்னேன். அந்த நூலகத்தில் ஒரே ஒரு பிள்ளையிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. கொடுத்த மதிப்பெண்ணை மாற்றினால், திருத்தியவரே தாளில் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது விதி. அவசரத்தில் மொத்தத்தை மட்டும்தான் மாற்றியிருந்தோம். அவள் தாளில் நான் போட்ட பெரிய சிவப்புச் சரி அப்படியே இருந்தது. அதை அவள் முன்னாலேயே நான் அடிக்க வேண்டும். பேனாவைத் திறந்தேன். தாள் அவள் பக்கம் பார்த்துக் கிடந்தது, எனக்குத் தலைகீழாக. கை போகவில்லை.

துர்கா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தாளை எடுத்து, நான் எழுத வாகாக என் பக்கம் திருப்பி வைத்து, நகராமல் இருக்க இரண்டு ஓரத்தையும் விரலால் பிடித்துக்கொண்டாள்.

சரியை அடித்துத் தப்புப் போட்டேன். சுருக்கொப்பம் போதும்தான். நான் என் பெயரை முழுவதும் எழுதினேன்.